கயிற்றில் கஞ்சத்தனம் வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "நங்கூரம் எடையால் பிடிப்பதில்லை, கயிற்றால் பிடிக்கிறது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதற்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். "அப்படியானால் இரும்பு எதற்கு, வெறும் கயிற்றையே தண்ணீரில் போடலாமே" என்று ஒருவர் கிண்டலும் செய்திருக்கிறார். சரி, இந்த முறை முழுக்க நங்கூரம்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. என் அப்பா தூத்துக்குடித் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிறவர். புதுத் துறைமுகம் 1974-ல் வருவதற்கு முன்னால், எங்கள் ஊர்க் கடலில் ஆழம் போதாமல் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அந்தத் தோணியில் பையனாக ஏறியவன் நான். பிறகு இழுவைக் கப்பலில் சாரங்காக, அதாவது மாலுமிகளுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றேன். படித்த படிப்பு கொஞ்சம், பார்த்த கடல் அதிகம்.

கேள்வி: புதிதாக 28 அடி ஃபைபர் படகு வாங்கியிருக்கிறேன். எத்தனை கிலோ நங்கூரம் வாங்குவது? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், என் மச்சான் இன்னொன்று சொல்கிறார். (வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எத்தனை கிலோ என்று கேட்டீர்கள். எத்தனை மீட்டர் கயிறு என்று கேட்கவில்லை பாருங்கள், அங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறோம்.

ஏர்க்கொழுவை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு முன்னால் இழுக்கும்போது கொழு மண்ணுக்குள் இறங்குகிறது. அதே கொழுவை மேலே தூக்கினால் ஒரு கையால் பிடுங்கிவிடலாம். நங்கூரமும் அப்படித்தான். கயிறு தரையை ஒட்டிப் படுத்தவாக்கில் இழுத்தால் அதன் நகம் மண்ணைக் கவ்விக்கொண்டு உள்ளே போகும். கயிறு குட்டையாக, செங்குத்தாக இருந்தால், அலை படகைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் நங்கூரத்தை நாமே பிடுங்கி எடுக்கிறோம்.

கணக்கு எளிது. தண்ணீர் ஆழம் 3 மீட்டர். கயிறு கட்டியிருக்கும் அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேலே 1 மீட்டர். கடல் ஏற்றத்தில் வெள்ளம் ஏறும்போது கூடும் ஆழத்துக்கு இன்னொரு மீட்டர் வையுங்கள், எங்கள் பக்கக் கரைக்கு அது போதும். மொத்தம் 5. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் நேரத்துக்கு மட்டும் என்றால் இதைப்போல் மூன்று மடங்கு, 15 மீட்டர் விடலாம். இரவு தங்க ஐந்து மடங்கு, 25. காற்று எழும்பினால் ஏழு மடங்கு, 35. ஆழத்தை மட்டும் பெருக்கிவிட்டு அணியத்தின் உயரத்தை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. 3 மீட்டர் தண்ணீரில் அந்த 1 மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் உங்கள் படகின் நீளத்துக்காவது சங்கிலி போடுங்கள். சங்கிலியின் கனம் நங்கூரத்தின் தண்டைத் தரையோடு அழுத்தி வைக்கும், சிப்பியிலும் கல்லிலும் உரசினாலும் அறுந்து போகாது.

கயிறு வாங்கும்போது ஒரு சோதனை. நம் கடைகளில் பிளாஸ்டிக்கில் திரித்தது எல்லாவற்றுக்கும் நைலான் என்றே பெயர். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது நைலான் இல்லை. மிதக்கும் கயிறு நங்கூரத்துக்கு ஆகாது. வெயிலில் உளுத்துப்போகும், தண்ணீர் மட்டத்தில் பரந்து கிடந்து அடுத்தவன் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். உண்மையான நைலான் மூழ்கும். ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் அலையின் வெட்டும் நங்கூரத்துக்குப் போகாது.

இவ்வளவும் இருந்தால், எடை விஷயத்தில் உங்கள் மச்சான் சொன்னது, கடைக்காரர் சொன்னது இரண்டில் எது கனமோ அதை வாங்குங்கள். ஆனால் எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் வைத்திருக்கும் நாலு முள் நங்கூரம் பாறையில் நன்றாக மாட்டும். உங்கள் வேதாரண்யம் சேற்றில் அந்த முட்கள் வெண்ணெயில் கத்தி போன மாதிரி கோடு கிழித்துக்கொண்டே வரும். அங்கே அகலத் தகடு வைத்த நங்கூரம் வேண்டும்.

ஏர்க்கொழு என்று சொன்னேன் அல்லவா, அது வெறும் உவமை இல்லை. ஜெஃப்ரி இங்ராம் டெய்லர் என்று இங்கிலாந்தில் ஒரு பெரிய இயற்பியலாளர், பாய்ப்படகுப் பைத்தியம். கனமான பழைய நங்கூரத்தைத் தூக்கிச் சலித்துப்போய், 1933-ல் கொழு வடிவத்திலேயே ஒரு நங்கூரம் செய்தார். எடை குறைவு, பிடி அதிகம். 'சி.கியூ.ஆர்.' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் 'செக்யூர்', அதாவது பத்திரம் என்று காதில் விழும். இன்றும் பல படகுகளின் அணியத்தில் அதைப் பார்க்கலாம்.

கேள்வி: நங்கூரம் தமிழ்ச் சொல்லா? (மதுரை வாசகர்)

பதில்: பாரசீகத்தில் 'லங்கர்'. அதிலிருந்து வந்தது என்றுதான் அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். குருத்வாராவில் எல்லோருக்கும் சோறு போடுகிறார்களே, அந்த 'லங்கர்' என்ற பெயரும் பாரசீகம்தான். அந்த மொழியில் நங்கூரத்துக்கும் அன்னசாலைக்கும் ஒரே சொல். அரபிக் கடல் வியாபாரத்தில் மாலுமிகள் கலந்த மாதிரி சொற்களும் கலந்தன. கல் நங்கூரங்களே அதற்குச் சாட்சி. நீளக் கல்லில் சதுரத் துளை போட்டு மரக்கை செருகிய ஒரே வகைக் கற்கள் குஜராத் கடலிலும் கிடைக்கின்றன, பாரசீக வளைகுடாவிலும் கிடைக்கின்றன.

கேள்வி: புயல் வந்தால் கப்பல்களைத் துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்புகிறார்களாமே? உள்ளே இருப்பதுதானே பாதுகாப்பு? (சென்னை, பெரம்பூர்)

பதில்: உள்ளே இருந்தால் கப்பல் காங்கிரீட் சுவரோடு மோதும். கயிறு அறுந்தால் பக்கத்துக் கப்பலோடு மோதும். வெளியே மோதுவதற்கு ஒன்றும் இல்லை. எஞ்சின் ஓடுகிற கப்பலுக்குப் புயலில் கரைதான் எதிரி.

ஆனால் எஞ்சினை நம்ப முடியாத கப்பல் வெளியே நங்கூரத்தை மட்டும் நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊரே பார்த்திருக்கிறது. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே வந்து பெசன்ட் நகர்க் கரையில் தட்டி நின்றது. மறுநாள் முதல் ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, கடலை சுண்டல் விற்றது. தப்பிக்க இறக்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் இறந்தது அந்தத் திருவிழாவில் பலருக்கு மறந்துபோனது. நான் போகவில்லை. கரையில் நிற்கும் கப்பலைப் பார்க்க எனக்கு மனசு வராது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்காகும். பெரிய கப்பலின் நங்கூரம் பல டன் இருக்கும். சங்கிலியை 'சாக்கிள்' கணக்கில்தான் சொல்வோம், ஒரு சாக்கிள் 27.5 மீட்டர். "அஞ்சு சாக்கிள் தண்ணியில" என்றால் 137 மீட்டருக்கு மேல் வெளியே விட்டாயிற்று என்று பொருள். எத்தனை விட்டாலும், நாலு மடங்கு தள்ளும் காற்றில் எஞ்சினை முன்னால் ஓட்டிச் சங்கிலியின் பாரத்தைக் குறைத்தாக வேண்டும்.

கேள்வி: ஒவ்வொரு காற்றுக்கும் எங்கள் கடலில் நிற்கும் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. நங்கூரம் அறுந்து கரையேறியும் விடுகின்றன. என்னதான் செய்வது? (ராமேஸ்வரம், படகு உரிமையாளர்)

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கிறது, மூன்றுக்கும் சொல்கிறேன் மாப்பிள்ளை.

முதலில் மோதல். நங்கூரம் போட்ட படகு ஒரு இடத்தில் நிற்பதில்லை, வட்டம் போடுகிறது. கயிற்றின் நீளம்தான் வட்டத்தின் அளவு. எல்லோரும் ஒரே நீளம் விட்டிருந்தால் காற்று திரும்பும்போது எல்லாப் படகும் சேர்ந்து திரும்பும், மோதாது. ஒருவர் 15 மீட்டர், பக்கத்தில் 40 மீட்டர் என்றால் வாடை ஒரே பக்கமாக அடித்துக்கொண்டிருக்கிறவரை ஒன்றும் தெரியாது, காற்று மாறின இரவில் தெரியும். ஒரு வரிசையில் நிற்பவர்கள் இத்தனை மீட்டர் என்று கூடிப் பேசிக்கொள்வதுதான் வழி. இடம் போதவில்லை என்று எல்லோருமே கயிற்றைக் குறைத்துக்கொண்டால், மோதாத படகும் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, ஒரு படகை இன்னொன்றோடு கட்டி, நாலைந்தாகச் சேர்த்து, ஒரே நங்கூரத்தில் நிறுத்துவது. அமைதியான நாளில் வசதிதான். காற்றில் ஐந்து படகின் பாரமும் ஒரே கயிற்றில் விழுகிறது. அது போனால் ஐந்தும் போகும். கூண்டு ஏற்றிய செய்தி வந்ததும் முதல் வேலையாகப் பிரித்துவிடுங்கள்.

மூன்றாவது, அறுவது. பெரும்பாலும் கயிறு நடுவில் அறுவதில்லை. அணியத்தில் கட்டை விளிம்பில் உரசும் ஒரு சாண் இடத்தில்தான் அறுகிறது. இரவெல்லாம் ரம்பம் போடுகிற மாதிரி. பழைய ரப்பர்க் குழாயை அந்த இடத்தில் கயிற்றுக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுங்கள். காசே ஆகாது.

இன்னொரு நங்கூரமும் இருந்தால் இரண்டையும் அணியத்திலிருந்தே போடுங்கள், நடுவில் ஒரு விரல் கவட்டை அளவு கோணம் விட்டு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் கட்டினால் படகு காற்றுக்குத் திரும்ப முடியாமல் பக்கவாட்டில் அலை வாங்கும். பின்பக்கத்தில் மட்டும் கட்டுவது அதைவிட மோசம். எஞ்சின் கனத்தில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கம் அது. அலை ஏறி உள்ளே வந்தால் சின்னப் படகு நின்ற இடத்திலேயே முழுகிவிடும்.

நங்கூரம் நகர்கிறதா என்று பார்க்க, கரையில் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு டவர் என இரண்டை நேர்கோட்டில் பிடியுங்கள். குமரி மாவட்டத்தில் இப்படிக் கரையடையாளம் வைத்து இடம் பிடிப்பதைக் கணியம் என்பார்கள். கோடு பிரிந்தால் படகு நகர்கிறது. இருட்டில் அதுவும் முடியாது. அப்போது கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பிடித்திருந்தால் இறுகித் தளரும். இழுபட்டால் தரதரவென்று ஓர் அதிர்வு கைக்கு வரும். ஒரு தடவை தெரிந்துகொண்டால் தூக்கத்தில்கூட அடையாளம் தெரியும்.

கேள்வி: தண்ணீரில் மிதக்கும் சோலார் பேனல்கள் எப்படி ஒரே இடத்தில் நிற்கின்றன? எங்கள் அணை மாதிரி நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில் இது நடக்குமா? (மேட்டூர், பொறியியல் மாணவி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. தெலங்கானாவில் ராமகுண்டம் அனல்மின் நிலைய நீர்த்தேக்கத்தில் 100 மெகாவாட் மிதவை மின்நிலையம் 2022-ல் முழுமையாக ஓட ஆரம்பித்தது. பரப்பு 500 ஏக்கர், 40 தொகுதிகள். இவ்வளவு பெரிய பாயைக் காற்று தள்ளினால் எவ்வளவு தள்ளும் என்று யோசியுங்கள். நீண்டு கொடுக்காத உறுதியான செயற்கை இழைக் கயிற்றால், நீர்த்தேக்கத் தரையில் போட்ட கனமான கட்டைகளோடு கட்டியிருக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடியிலும் ஓர் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் அதே வருடம் ஒன்று வந்தது.

போன இதழில் எடை பிடிக்காது என்றேன், இங்கே எடைதான் பிடிக்கிறது. முரண் இல்லை. படகு போகிற இடமெல்லாம் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், இது ஒரே இடத்தில் கிடக்கப்போகிறது, எவ்வளவு கனமாகவும் செய்யலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். 100 கிலோ காங்கிரீட் கட்டை தண்ணீருக்குள் போனால் 57, 58 கிலோதான். 100 கிலோ இரும்பு என்றால் 87 கிலோ நிற்கும். கரையில் எடை போட்டு காங்கிரீட் கட்டையை நம்புகிறவர்கள் பாதி ஏமாந்துவிடுகிறார்கள்.

திருகு இறங்கிப் பிடிக்கிற தரையாக இருந்தால் எடையே வேண்டாம், திருகாணி போதும். அலெக்சாண்டர் மிட்செல் என்று பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஒருவர், இளவயதிலேயே கண் பார்வை இழந்தவர். 1833-ல், இரும்புத் தண்டின் நுனியில் திருகுத் தகடு வைத்துக் கடல் தரைக்குள் முறுக்கி இறக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலைக் கட்டி நிறுத்தும் மிதவைகளுக்கும் பயன்பட்டது, சேற்று மணலில் கலங்கரை விளக்கமே அந்தத் தண்டுகளின் மேல் நின்றது. கையால் தடவிப் பார்த்தே வேலையைச் சோதிப்பாராம்.

உங்கள் அணைக்கு வருகிறேன். 120 அடி நிறைவதும் உண்டு, பாதிக்கும் கீழே இறங்கிய வருடங்களும் உண்டு. நிறைந்த மட்டத்துக்குக் கயிறு விட்டால், இறங்கும்போது தொய்ந்து, பாய் கண்ட இடத்துக்கு அலையும். இறங்கிய மட்டத்துக்குக் கட்டினால், நிறையும்போது மிதவையையே தண்ணீருக்குள் இழுக்கும். கயிற்றின் நடுவில் ஒரு எடையைத் தொங்கவிட்டுத் தொய்வை வாங்கலாம், நீண்டு சுருங்கும் ரப்பர் இணைப்பு வைக்கலாம், கரையில் விஞ்சு, அதாவது கயிறு சுற்றும் உருளை வைத்து ஆள் போட்டு இழுத்து விடலாம். மூன்றும் நடைமுறையில் இருக்கிறது. எனக்குக் கேட்டால் கடைசி வழிதான் பிடிக்கும், பழைய ஆள் அல்லவா.

கேள்வி: ஆழ்கடலில் மஞ்சள் நிற மிதவைகள் நிற்கின்றன. சுற்றி மீன் கூடுகிறது. நம் படகை அதில் கட்டிவிட்டுத் தொழில் செய்தால் நங்கூரச் செலவு மிச்சமாகுமே? (நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: கட்டாதீர்கள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அது சென்னையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் போட்டது. காற்று, அலை, தண்ணீரின் சூடு எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து போட்டு வருகிறார்கள். மிதக்கும் எதைச் சுற்றியும் மீன் கூடும், அது உண்மைதான். அதற்காக அதன் கயிறு உங்கள் விசைப்படகைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக்கூட இறங்கும் அந்தக் கயிறு, மிதவை ஒன்றின் பாரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டது. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. மேல் பகுதி மூழ்கும் கயிறு, கீழ்ப் பகுதி மிதக்கும் கயிறு. அதனால் பாம்பு நெளிந்த மாதிரி நடுத்தண்ணீரில் நிற்கும். மேலே தொய்ந்து விசிறியில் சிக்காது, கீழே தரையிலும் உரசாது. வேதாரண்யத்துக்காரரிடம் மிதக்கும் கயிறு ஆகாது என்றேன், ஆழ்கடலில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்.

மிதவை அறுந்து போனால் அந்த இடத்தின் தகவல் நின்றுபோகும். அடுத்த புயலைப் பற்றி வானொலியில் நீங்கள் கேட்கும் செய்திக்கு அதுவும் ஒரு காது.

கேள்வி: மன்னார் வளைகுடாவில் படகுச் சவாரி போனோம். படகுக்காரர் பவளப்பாறை மேலேயே நங்கூரத்தைப் போட்டார். உடைகிற சத்தம் கேட்டது போல இருந்தது. தவறுதானே? (திருச்சி வாசகி)

பதில்: தவறு. அங்கே 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் படகு உள்ளே போவதே குற்றம். உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். நங்கூரம் ஒரு தடவை விழுந்தால் நம் தாத்தா காலத்துப் பாறை போய்விடும். தண்ணீருக்குள் வெளிர் நிறமாகத் தெரிவது மணல், அங்கே போட வேண்டும். கடல்புல் மேலும் போடக் கூடாது. படகு வட்டம் போடும்போது சங்கிலி புல்லைச் செதுக்கிவிடும். அந்தப் புல்தான் ஆவுளியா என்கிற கடல்பசுவுக்குச் சோறு. அதற்காகவே பாக் விரிகுடாவில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். நிரந்தரமாக ஒரு போயா, அதாவது கட்டுமிதவை போட்டு, வருகிற படகெல்லாம் அதில் கட்டிக்கொள்வதுதான் நல்லது.

கேள்வி: நிற்கும் கப்பலின் முன்னால் ஒரு கறுப்புப் பந்து தொங்குகிறதே, அது என்ன? (கடலூர்)

பதில்: "நான் நங்கூரத்தில் இருக்கிறேன், நீ விலகிப் போ." இரவில் அதற்குப் பதில் வெள்ளை விளக்கு.

கேள்வி: நங்கூரம் பாறையில் சிக்கிக்கொண்டால் அறுத்து விட வேண்டியதுதானா? (குளச்சல், ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். கயிற்றை நங்கூரத்தின் வளையத்தில் கட்டாமல், அடியில் முட்கள் சேரும் தலைப்பக்கம் கட்ட வேண்டும். அங்கிருந்து தண்டோடு கொண்டுவந்து, வளையத்தில் மெல்லிய சணலால் ஒரு சுற்று மட்டும் கட்டு. சாதாரணமாக இழுக்கும்போது வளையத்திலிருந்து இழுபடும். சிக்கிக்கொண்டால் படகை முன்னால் ஓட்டி வெட்டி இழு. சணல் அறும், இழுப்பு தலைப்பக்கம் மாறும், நங்கூரம் போன வழியே பின்னால் வந்துவிடும். சணல் தடிமனாக இருந்தால் அறாது, ரொம்ப மெல்லியதாக இருந்தால் ராத்திரிக் காற்றிலேயே அறும். அதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புயல் நேரத்தில் இந்தக் கட்டு வேண்டாம்.

சிக்காமலே நங்கூரத்தைத் தொலைத்தவன் நான். சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்திருந்தபோது, முயல் தீவுக்குப் பக்கத்தில் தூண்டில் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்தால் லேசாக வந்தது. சங்கிலி இருக்கிறது, அதன் நுனியில் ஒன்றும் இல்லை. நங்கூரத்தைச் சங்கிலியோடு மாட்டும் இரும்பு வளையத்துக்கும் சாக்கிள் என்றுதான் பெயர்; அந்தச் சாக்கிளின் மரை கழன்று ஆணி விழுந்துவிட்டது. ஆணியின் ஓட்டையில் கம்பி கோத்து முறுக்கிவிட வேண்டும் என்பது அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த விஷயம். அது அவருடைய நங்கூரம் வேறு. ஒரு வாரம் கழித்து, சங்கு குளிக்கிற ஒருவர் அதைத் தலையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார். "சாரங்கு, கம்பி கட்ட மாட்டீரோ?" என்றார். கூலியாகப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் புதுத் தூண்டில் கயிறு முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த நங்கூரம் இப்போது வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. பேரன் அதில் ஆட்டைக் கட்டுகிறான். கயிறு குட்டை. ஆடு அதை முருங்கை மரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.